பாதி மாத்திரை

வேடியப்பன் முழங்காலிட்டால் அழுதுவிடுவான். புதூர்நாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபிக்க எழுந்தால் பாயை விட்டு விலகி, வெறும் சிமெண்டுத் தரையில் முட்டி போடுவான். "ஆண்டவரே" என்று வாய் திறப்பதற்குள் குரல் உடையும். நெற்றி தரையில் படக் குனிந்து அப்படியே கிடப்பான்.

"எம்மாம் தாழ்மை பாரு அந்த மனுசனுக்கு" என்று பெண்கள் முக்காட்டு நுனியால் தங்கள் கண்ணையும் துடைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கண்ணீர் எதனால் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒருத்தி பெண்கள் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் தெரியாது.

வேடியப்பன் மலையிலேயே பிறந்தவன். சரிவில் கொஞ்சம் சாமைக் காடு, சில புளியமரங்கள், காய்த்தால் காய்க்கும் ஒரு பலா. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று இளவயதிலேயே ஜீப் ஓட்டப் போனான். திருப்பத்தூருக்கு இறங்கும்போது ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிப் போவான். ஏறும்போது குடித்துவிட்டு வருவான். மனைவி திரௌபதி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். ஒரு மழை நாளில் ஜீப் சேற்றில் சிக்க, ஒதுங்க இடம் தேடித் தகரக்கூரை போட்ட சின்ன ஜெபக்கூடத்துக்குள் நுழைந்தான். உள்ளே ஜீவானந்தம் போதகர் பேசிக்கொண்டிருந்தார். அன்று என்ன நடந்தது என்று வேடியப்பன் பிறகு பல முறை சாட்சி சொன்னான். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. ஆனால் ஒன்று நிஜம். அன்றைக்கு அப்புறம் அவன் குடிக்கவில்லை. திரௌபதி திரும்பி வந்தாள்.

குடிகாரன் மாறினதைக் கண்ணால் பார்த்த ஊர், அவன் ஜெபத்துக்கு பலம் இருக்கிறது என்று நம்பியது. காய்ச்சல் என்றால் கூப்பிட்டார்கள். கன்று ஈனாத மாட்டுக்குக்கூடக் கூப்பிட்டார்கள். ஜீவானந்தம் கீழே சமவெளியில் இருப்பவர். மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் மலைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் வேடியப்பன்தான் நடத்தினான். "நான் இன்னாங்க, வெறும் தூசி" என்பான். சொல்லும்போதே, அதைக் கேட்டவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று ஓரக்கண் பார்க்கும்.

ஜன்னலோரம் உட்காருகிறவள் மங்கம்மாள். புருஷன் போன பிறகு, இருந்த காட்டைத் தானே உழுது ஒரே மகள் கல்பனாவை வளர்த்தாள். கல்பனாவுக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையில் அது அடங்கியிருந்தது. மாதாமாதம் தாயும் மகளும் வேடியப்பன் ஜீப்பில்தான் மாத்திரை வாங்கப் போவார்கள். வழி நெடுக அந்தப் பெண் ஏதாவது பாடிக்கொண்டே வருவாள். ஒருமுறை கூட்டம் அதிகமாக இருந்ததால், துணைக்கு அவனும் டாக்டர் அறை வரைக்கும் போனான். "நல்லா இருக்கறப்பவும் மாத்திரைய நிறுத்தக் கூடாது. நிறுத்தினா திடீர்னு வரும்" என்று டாக்டர் சொன்னதை அவன் காதால் கேட்டான்.

மாத்திரை போட்டால் தூக்கம் தூக்கமாக வருகிறது என்று கல்பனா அலுத்துக்கொள்வாள். பள்ளிப்படிப்பை முடித்து, மேலே படிக்க ஆசைப்பட்டிருந்தாள். வேடியப்பன் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தான். மழைக்காலம் முழுக்க ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடம் நிறைந்திருந்தபோது, அவளை எழுப்பி நிற்க வைத்தான்.

"இன்னும் மாத்திரை சாப்பிடுறியாம்மா?"

"ஆமாங்கண்ணா."

"சுகம் குடுத்தவர நம்புறியா, மாத்திரைய நம்புறியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். கூடமே மங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தது. மங்கம்மாள் மெல்ல எழுந்து வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். "ஸ்தோத்திரம்" என்று எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். அந்தச் சத்தம் வேடியப்பனுக்கு இனித்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டான்.

பொங்கல் கழிந்த சில நாளில், வெயில் ஏறிய காலை நேரத்தில், கல்பனா ஓடைக்குத் துணி துவைக்கப் போனாள். சற்று மேலே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களுக்கு அவள் கல்லில் துணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. பிழிகிறாள் என்று நினைத்தார்கள். போய்ப் பார்த்தபோது முழங்கால் ஆழத் தண்ணீரில் முகம் குப்புறக் கிடந்தாள்.

ஜீவானந்தத்துக்கு உடனே மலையேற முடியவில்லை. அடக்க ஆராதனையை வேடியப்பன்தான் நடத்தினான். மண்ணருகே நின்றபோது அவனுக்கு முதலில் வந்தது துக்கமல்ல, பயம். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தோன்றியது. வாய் தானாகப் பேசியது.

"கர்த்தர் மேல குத்தமில்ல. சுகம் குடுத்தவரு குடுத்தாரு. நம்ம விசுவாசத்துலதான் எங்கியோ ஓட்டை இருந்திருக்கும். அவங்கவங்க மனச அவங்கவங்க பாத்துக்கணும்."

கூட்டம் மறுபடியும் மங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தது.

மண் போட்டு முடிந்து ஆட்கள் கலைந்ததும் அவள் அவனை உண்ணிச்செடிப் புதர் ஓரம் அழைத்துப் போனாள். கண் வறண்டிருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். போன வாரம் அவளுக்குக் கை நடுங்கிச்சி. பயந்துட்டேன். வூட்ல ஒரு மாத்திரை கெடந்துச்சி. பாதியா ஒடச்சி கஞ்சில போட்டுக் குடுத்துட்டேன். அவளுக்கே தெரியாது. அதனாலதானா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவனுக்குச் சொல் வராமல் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"கர்த்தருக்குத்தான் தெரியும்க்கா" என்றான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், எதிர்பார்த்த தீர்ப்பைக் கேட்டவள் போல.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. கண்ணை மூடி ஜெபிக்கக் குனிந்தால் எங்கேயோ கல்லில் ஈரத்துணி அடிபடும். சீராக, அவசரமில்லாமல். பிறகு நிற்கும். நிற்கும் அந்தக் கணத்தைத்தான் அவனால் தாங்க முடியாது. ஜீப் ஓட்டும்போது கேட்காது என்பதால் தேவையில்லாமலும் ஓட்டினான். ஓடையைக் கடக்கும் வழியை விட்டுவிட்டுச் சுற்றிப் போனான்.

ஆனாலும் அந்தச் சத்தத்தைவிட மோசமானது மங்கம்மாளின் முணுமுணுப்பு. அவள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. எல்லாரும் கண்ணை மூடும்போது அவள் உதடு அசையும். "ஒரு நாள் பயந்துட்டேன் சாமி. பாதிதான் குடுத்தேன். மன்னிச்சிடு. அதுக்காவ அவள அங்க ஒண்ணும் செஞ்சிடாத." வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தாள். இரண்டு வருஷத்தில் எலும்பும் தோலும் ஆனாள். அவள் மன்னிப்புக் கேட்பது உண்மையில் தான் செய்த பாவத்துக்கு என்று வேடியப்பனுக்குத் தெரியும். நாலு அடி தூரத்தில் முட்டி போட்டபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்கக் கேட்க அழுகை வரும். பார்த்தவர்கள் அதைத் தாழ்மை என்றார்கள்.

"நான் பாவி, நான் பெரும்பாவி" என்று அவனும் தினமும் கர்த்தரிடம் சொல்லத்தான் செய்தான். அதைச் சொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது. சபையில் எல்லாரும் சொல்வதுதானே.

மூன்றாம் வருஷம் கோடையில், ஒரு மத்தியானம், இளவரசி என்ற பெண் காவலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து அவன் வீட்டைத் தேடிப் பிடித்தாள். கூடவே பத்து வயது மகள். குழந்தை அரைத்தூக்கத்தில் அம்மா தோளில் சாய்ந்திருந்தது. திரௌபதி மோர் கொடுத்து உட்கார வைத்தாள்.

"நாங்க உங்க சாமிய கும்புடறவங்க இல்லண்ணா. ஆனா எங்க ஊர்ல சொன்னாங்க. புள்ளைக்கு வலிப்பு. இந்த மாத்திரை போட்டா நாள் முழுக்கத் தூங்குது, படிக்க மாட்டேங்குது." பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். "நானே கொண்டாந்துட்டேன். உங்க ஊர்ல ஒரு அம்மா இப்படித்தான் எடுத்து வச்சிட்டாங்களாமே, அன்னியோட அந்தப் பொண்ணுக்கு சொகமாச்சின்னாங்க. அந்தப் பொண்ணு இப்ப எப்டி கீதுண்ணா?"

வேடியப்பன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். கல்பனா சுகமான கதை சுற்றுப்பட்ட ஊர்களைத் தாண்டிக் காவலூர் வரை போயிருந்தது. ஓடைக் கதை போகவில்லை. யாரோ வழியில் அதை உதிர்த்துவிட்டார்கள். அல்லது அவனே தன் சாட்சிகளில் அந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டானோ என்னவோ.

"செத்துப்போச்சிம்மா" என்றான்.

திரௌபதி சொம்பைக் கீழே வைத்தாள்.

"மாத்திரைய நிறுத்துனதால செத்துப்போச்சி. நிறுத்தச் சொன்னது நான்தான்." அட்டையைத் திருப்பி அவள் கையிலேயே வைத்து, விரல்களை மூடினான். "இத ஒரு நாளும் உடாத. தூக்கம் வருதுன்னு டாக்டர்கிட்ட சொல்லு, அவரு மாத்திக் குடுப்பாரு. இன்னொருத்தங்க சொன்னாங்கன்னு நிறுத்திடாதம்மா. என்னாட்டம் எவன் சொன்னாலும் நிறுத்திடாத."

இளவரசி எழுந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் பார்வையில் இருந்த அச்சத்தை அவன் பார்த்தான். அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் நேரே மங்கம்மாள் வீட்டுக்கு நடந்தான்.

அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் புழுதியில் முட்டி போட்டான். அழ வேண்டும் என்றுதான் நினைத்தான். அன்றைக்குப் பார்த்துக் கண்ணீர் வரவில்லை.

"அக்கா, அந்தப் பாதி மாத்திரைல தப்பே இல்ல. அவளுக்கு நடந்ததுல அது ஒண்ணுதான் நல்லது. டாக்டரு நிறுத்தக் கூடாதுன்னு சொன்னப்ப நானும் அங்கதான் நின்னேன். தெரிஞ்சேதான் நிறுத்தச் சொன்னேன். எல்லாரும் பாக்கறாங்களேன்னு சொன்னேன். அப்புறம் மண்ணு போட்ட எடத்துல பழிய உன் மேல போட்டேன். நீ வந்து கேட்ட. அப்பவும் வாய மூடிக்கினேன்."

மங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். சிந்திய சாமையைக் கையால் கூட்டினாள்.

"டாக்டரு சொன்னது எனக்கு நெனப்பு கீது. நீ மறந்துட்டியோன்னு இருந்தேன்."

"மறக்கலக்கா."

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் உன் எதுர்ல ஒக்காந்து அழுதேன். காதுல உழுந்துச்சா?"

"உழுந்துச்சிக்கா."

"கேட்டுக்கினே இருந்த."

அவன் தலை குனிந்தான்.

"எந்திரி" என்றாள். குரல் உயரவில்லை. "என் வூட்டு முன்னால முட்டி போடாத. வழியில போறவங்க பாத்தா உன்னத்தான் நல்லவன்னு சொல்லுவாங்க. எவங்க முன்னால என் மேல பழி போட்டியோ அவங்க முன்னால போய் சொல்லு."

வீட்டில் திரௌபதியிடம் முழுவதையும் சொன்னான். அவள் சுவரைப் பார்த்தாள். "நீ அழறது தெரியும். எதுக்குன்னு நானும் கேக்கல. கேட்டிருக்கணும்" என்றாள்.

அந்த ஞாயிறு ஜீவானந்தம் வரும் முறை. ஆராதனைக்கு முன்பே வேடியப்பன் அவரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"கர்த்தர்கிட்ட சொல்லிட்டீங்க. அந்தம்மாகிட்டயும் சொல்லிட்டீங்க. போதும் வேடியப்பன். சபையில சொன்னா நாலு குடும்பம் ஓடிடும். ஊர்ல நம்மள வாழ விடுவாங்களா?"

"கர்த்தர்கிட்ட நான் சொல்லவே இல்லீங்கய்யா. பாவின்னு சொன்னேன். இன்னா பாவம்னு ஒரு நாளும் சொல்லல. சொன்னா அக்காகிட்ட போகச் சொல்லுவாருன்னு தெரியும்."

கல்பனாவின் சாட்சியைக் கேள்விப்பட்டு, கீழே பல ஊர்களில் அதைச் சொல்லி மகிழ்ந்தவர் ஜீவானந்தமும்தான். ஆராதனை நேரம் வந்தபோது அவர் மேசையருகே போகாமல் ஆண்கள் நடுவே பாயில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வேடியப்பன் முன்னால் வந்தான். முட்டி போடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அது பார்க்க நன்றாக இருக்கும் என்று உள்ளே ஏதோ சொன்னது. அதனாலேயே நின்றான். நின்றபடி, எதையும் விடாமல், கல்பனாவை எழுப்பி நிறுத்தியதிலிருந்து உண்ணிச்செடிப் புதர் வரைக்கும் சொன்னான். மங்கம்மாள் பெயரையும் டாக்டர் பேச்சையும் விடவில்லை.

ராஜேந்திரன் என்பவர் எழுந்தார். மனைவியின் காய்ச்சலுக்கு வேடியப்பனை நம்பிக் காத்திருந்து, பிறகு கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். "அப்ப எங்க வூட்ல வந்து பேசுனதெல்லாம் இன்னாய்யா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் மனைவி மக்களோடு வெளியேறினார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். மிச்சமிருந்தவர்களில் வயதான ஒரு அம்மாள் விம்மினாள்: "இப்படி எல்லார் முன்னாலயும் தாழ்த்திக்க யாருக்கு மனசு வரும்!"

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றான் வேடியப்பன். குரல் கெஞ்சியது. "தயவு செஞ்சி அப்படி மட்டும் சொல்லாதீங்க."

ஜன்னலோரத்தில் மங்கம்மாள் கடைசி வரை கேட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஜெபக்கூடத்துக்கு வரவே இல்லை.

மறுவாரம் மங்கம்மாளின் தம்பி சக்திவேல் கடைத்தெருவில் வைத்து வேடியப்பனை அடித்தான். உதடு கிழிந்தது. தடுக்க வந்தவர்களை வேடியப்பனே விலக்கினான். சபையில் பாதிக் குடும்பங்கள் நின்றுவிட்டன. அவனை ஜெபிக்கக் கூப்பிடுகிறவர்களும் இல்லை. ஆராதனையில் அவன் இப்போது கதவோரம் உட்கார்ந்து வாய் திறக்காமல் எழுந்து போகிறான்.

ஆனால் ஒரு வேலையை அவன் விடவில்லை. சுகமான கதை எங்கெல்லாம் போயிற்றோ அங்கெல்லாம் அவனும் போனான். காவலூர்ப் பக்கம், மலையடிவார ஊர்கள், ஒரு தடவை கண்ணமங்கலம் வரைக்கும். டீக்கடையிலும் ஜெபக்கூட்டத்திலும் நின்று, "அந்தப் பொண்ணு செத்துப்போச்சிங்க" என்றான். சிலர் திட்டி அனுப்பினார்கள். சிலர் நம்பவே இல்லை. "பெரியவங்க இப்படித்தான் தங்களையே கொறச்சிப் பேசுவாங்க" என்று ஒருவர் அவன் காலைத் தொடக் குனிந்தார். அன்று வேடியப்பன் ரோட்டோரம் ஜீப்பை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு கிடந்தான். அவன் போய்ச் சேர முடியாத ஊர்களில் அந்தக் கதை இன்னும் நடந்துகொண்டேதான் இருக்கும். எந்த வீட்டில் எந்தத் தாய் எந்த அட்டையைத் தூர வைக்கிறாளோ. அந்த நினைப்பு அவனை விடவில்லை. இனி விடப்போவதும் இல்லை.

அடுத்த புளி அறுவடையின்போது ஒரு சாயங்காலம் அவன் மங்கம்மாள் வீட்டுப் பின்பக்கமாக விறகு சுமந்து போனான். அவள் கொல்லையில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேடியப்பா. இங்க வா."

அவன் விறகை இறக்கிவிட்டுத் தள்ளி நின்றான்.

"உன்ன நான் மன்னிக்கல" என்றாள்.

"சரிக்கா."

"மன்னிப்பனான்னும் தெரியல." ஒரு புளியை உடைத்து ஓட்டைத் தள்ளினாள். "இத்தினி வருசம் மன்னிச்சிடு மன்னிச்சிடுன்னே கேட்டுட்டேன். இப்ப அந்தப் பேச்சு இல்லன்னு ஆனதும் வேற பேச்சே வரல. ஒக்காந்தா வாய் கட்டிப்போவுது. இந்த வூட்லருந்து யாராச்சும் ஒருத்தர் கர்த்தராண்ட பேசிக்கினு இருக்கணுமில்ல."

அவன் புரியாமல் பார்த்தான்.

"நீ ஜெபம் பண்ணு. ஆனா சத்தம் வரக் கூடாது. ஒரு வார்த்த என் காதுல உழுந்தாலும் எந்திரிச்சி போய்டு."

அவன் புளியோடுகளின் நடுவே முட்டி போட்டான். வாயை இறுக மூடிக்கொண்டான். என்ன சொன்னான் என்று அவனுக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரியும். மங்கம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை. கூடையில் இருந்ததை எல்லாம் உடைத்து, கொட்டையை ஒரு பக்கமும் சதையை ஒரு பக்கமும் பிரித்தாள். வெயில் புளியமரத்துக்குப் பின்னால் இறங்கியது.

"முடிஞ்சிதா?" என்றாள்.

"இல்லக்கா."

"அப்ப இரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையை இழுத்தாள்.